கட்டைவண்டி மேல் ஓர் அதிவேக வழக்கு

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே அந்தக் காலத்தில் எங்கள் கம்பெனி காரை முந்தாத வாகனமே கிடையாது. பஸ்ஸும் லாரியும் முந்துவதில் வியப்பில்லை. சந்தைக்குப் போகிற சைக்கிள்காரர் பின்னால் ஓர் ஆட்டுக்குட்டியைக் கட்டிக்கொண்டு முந்துவார். அந்த ஆட்டுக்குட்டி எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போகும். காரை ஓட்டியவருக்கு நாங்கள் வைத்த பெயர் கட்டைவண்டி. தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அறுபதுகளின் தொடக்கம். விழுப்புரத்தில் ஓர் உரக் கம்பெனியின் கிளை ஆபீசில் நான் குமாஸ்தா. கம்பெனிக்குச் சொந்தக் கார் கிடையாது. திண்டிவனத்து ரைஸ்மில் முதலாளி ஒருவரிடம் மாத வாடகைக்கு எடுத்த கறுப்புக் கார்தான். டிரைவர் மட்டும் கம்பெனி ஆள். மானேஜரோ மதராஸ்காரர், காப்பியைக்கூட ஆற்றிக் குடிக்கப் பொறுமை இல்லாதவர். அவருக்கு வாய்த்த டிரைவர் இப்படி.

ரயில்வே கேட் திறந்தே இருந்தாலும் கட்டைவண்டி காரை நிறுத்துவார். இறங்கிப் போய் இரண்டு பக்கமும் பார்ப்பார். கேட் கீப்பர் "ரயிலு இல்லண்ணே, போங்க" என்றால், அவரிடம் பிள்ளைகுட்டி நலம் விசாரித்துவிட்டுத்தான் திரும்பி வருவார். ரோட்டில் நாய் படுத்திருந்தால் ஹாரன் அடிக்கமாட்டார். தூங்குகிற ஜீவனைத் திடுக்கிட வைக்கலாமா? இறங்கிப் போய், "எந்திரி ராஜா, சாருக்கு நேரமாவுது பாரு" என்று கெஞ்சுவார். சார் பின்சீட்டில் பொரிந்துகொண்டிருப்பார்.

"யோவ் டிரைவர்! நான் வர்றேன்னு போட்ட தபால், எனக்கு முன்னாடி போய்ச் சேர்ந்துடும்யா!"

"சேரட்டும் சார். சேர்ந்தாத்தானே உரம் விக்கிறவங்க கடையில இருப்பாங்க?"

மானேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அங்கே ஒரு சைக்கிள் எங்களை முந்திக்கொண்டிருக்கும்.

இதையெல்லாம்கூட மானேஜர் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது திண்டிவனம் தாண்டி ஒலக்கூர்ப் பக்கம் நடந்த கூத்து. கேழ்வரகை எங்கள் பக்கம் கேப்பை என்போம். அறுவடை முடிந்ததும் கதிரைக் கொண்டுவந்து தார்ரோட்டில் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறிப் போகப் போக மணி உதிர்ந்துவிடும். மாடு கட்டிப் போரடிக்கிற வேலை மிச்சம். மற்ற கார்க்காரர்கள், கதிர்த்தாள் சக்கர அச்சில் சுற்றிக்கொள்ளும் என்று பயந்து ஒதுங்கிப் போவார்கள். கட்டைவண்டி ஒதுங்கியதே இல்லை. அதன்மேலேயே போவார். போதாததற்கு ரோட்டோரத்தில் நிற்கிற கேப்பைக்காரி பவுனம்மா கை காட்டுவாள்.

"அண்ணே, இன்னும் ஒரே ஒரு தபா ஏத்திட்டுப் போயேன்! ஓரத்துல கதிரு அப்பிடியே கெடக்குது பாரு!"

உடனே கார் பின்னால் போகும். மறுபடி முன்னால் வரும். கழுத்தில் டையும் மடியில் தோல்பையுமாக மானேஜர் உள்ளே ஆடிக்கொண்டிருப்பார். "யோவ், இது காரா, களத்துமேடா?" என்று அவர் கத்துவது பவுனம்மாவுக்குக் கேட்காது. கேட்டாலும் சிரித்திருப்பாள்.

ரைஸ்மில் முதலாளிக்குக் கேட்டுவிட்டது. அவர் மாதாமாதம் வந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்கு அடியில் குனிந்து பார்ப்பார். ஒரு மாதம் உள்ளே கைவிட்டுக் கொத்தாகத் தாளை உருவி மானேஜர் மேஜைமேல் போட்டார்.

"ஊட்டுல மாட்டுக்குப் போட வெச்சிக்கினு இருக்கீங்களா சார்? நல்லாக் கேட்டுக்குங்க. இந்த வண்டியில இன்னொரு தபா கதிரு மேல தாம்பு ஓட்டுனா, ஒண்ணு டிரைவர் போவணும், இல்ல வண்டி எங்கிட்ட திரும்பி வரணும். பேஜாரு புடிச்ச வேலையா இருக்குதே!"

அன்றைக்கே கட்டைவண்டிக்குக் கண்டிப்பான உத்தரவு போனது. ஐம்பது தாண்டிய மனுஷர்; மூன்று பெண்கள். இந்த வேகத்துக்கு அவரை வேறு யார் வேலைக்கு வைப்பார்கள்? அதன் பிறகு ஒலக்கூரில் அவர் ஒதுங்கித்தான் ஓட்டினார். பவுனம்மா கை காட்டினால் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். அந்தத் திருப்பம் அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்பது பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும்.

மாதங்கள் போயின. ஒருநாள் ஆபீசுக்கு ஒரு கோர்ட் நோட்டீஸ் வந்தது. அதன் பயணமே தனிக் கதை. காரை முன்பு வைத்திருந்த கடலூர் டாக்டர் வீட்டுக்குப் போய், அங்கிருந்து ரைஸ்மில்லுக்கு வந்து, மில்லில் சாமி படத்துக்குப் பின்னால் கொஞ்சநாள் இருந்துவிட்டு, கடைசியாக எங்களிடம் வந்தது. இன்ன நம்பர் கார், மழை இருட்டிக்கொண்டு வந்த ஒரு பிற்பகலில், ஒலக்கூர் அருகே அளவுக்கு மீறிய வேகத்தில் ஓட்டப்பட்டதாக ஒரு கான்ஸ்டபிள் கொடுத்த குற்றச்சாட்டு.

மானேஜர் படித்தார். இன்னொரு முறை படித்தார். பிறகு சிரித்தார் பாருங்கள்! அவர் வாயில் அத்தனை பல் இருப்பதே அன்றுதான் ஆபீசுக்குத் தெரிந்தது. "கட்டைவண்டிமேல ஓவர் ஸ்பீடு கேஸா!" எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். கட்டைவண்டி மட்டும் வாசலில் நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த மனுஷரின் சோறு அந்தக் காகிதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை நினைத்தால் அந்தச் சிரிப்பு இப்போது கசக்கிறது.

ரைஸ்மில் முதலாளியோ சிரிக்கவில்லை. கேஸ் உண்மையானால் டிரைவரை வேலையைவிட்டு நிறுத்தவேண்டும் என்று சொல்லி அனுப்பினார். கோர்ட்டுக்குத் தானே வந்து பார்ப்பதாகவும் சொன்னார்.

மானேஜர் வக்கீல் வைத்தார். வழி சுலபம்தான்: மழை இருட்டில் கான்ஸ்டபிள் நம்பரைத் தப்பாகப் பார்த்துவிட்டார், இந்த டிரைவர் வேகமாக ஓட்டத் தெரியாதவர், அதற்குச் சாட்சி நான். திண்டிவனம் கோர்ட்டில் கூண்டேறி உள்ளதைச் சொன்னேன். ஓடுகிற காரிலிருந்து இறங்கி, டீ குடித்து, நடந்தே போய் மறுபடி ஏறிக்கொண்டேன் என்றேன். மாஜிஸ்திரேட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற சாக்கில் சிரித்தார். எங்கள் வக்கீல் எழுந்து முடிவுரைக்குத் தொண்டையைச் செருமினார். கேஸ் ஜெயித்த மாதிரிதான்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். "சாமி, நாங்களும் அண்ணனுக்குச் சாட்சி சொல்லணும்!"

திரும்பினால் பவுனம்மா. அவளோடு ஒலக்கூர்ப் பெண்கள் ஒரு கூட்டம். டிரைவரண்ணனைக் கோர்ட்டுக்கு இழுத்திருக்கிறார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டு, அவருடைய நல்ல குணத்தை எடுத்துச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று பஸ் ஏறி வந்திருந்தார்கள். வக்கீல் வேண்டாம் வேண்டாமென்று கையை ஆட்டினார். மாஜிஸ்திரேட் நல்ல மனநிலையில் இருந்தார். "சொல்லும்மா" என்றார்.

"அன்னிக்கு மழ இருட்டிக்கினு வருது சாமி. ரோட்டுல அத்தினி கேப்பையும் கெடக்குது. ஒரு லாரி வரல, பஸ்ஸு வரல. நாங்க வாயில வயித்துல அடிச்சிக்கினு நிக்கிறோம். எங்கியோ உர மூட்டைய எறக்கிட்டு இந்த அண்ணன் மட்டும் தனியா வந்தாரு. மொதல்ல மூஞ்சியத் திருப்பிக்கினு போயிட்டாரு. அப்புறம் என்னா நெனச்சாரோ, திரும்பி வந்தாரு. வந்து வண்டிய என்னா வெரட்டு வெரட்டுனாருங்கிறீங்க! முன்னாடி போறாரு, பின்னாடி வர்றாரு. மழ விழறதுக்குள்ள அத்தினி மணியும் உதுந்துடுச்சு. எங்க புள்ளைங்க இந்த வருசம் குடிக்கிற கூழு இவரு போட்டது சாமி!"

"ரொம்ப வேகமாகவா ஓட்டினார்?"

"வேகமாவா?" பவுனம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "லாரிக்காரன் தோத்தான் போங்க!"

மற்ற பெண்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். எங்கள் வக்கீல் மெல்ல உட்கார்ந்தார். முன்பெஞ்சில் ரைஸ்மில் முதலாளி எழுந்தார்.

மாஜிஸ்திரேட் கட்டைவண்டியைப் பார்த்தார். "இந்த அம்மா சொல்றது நிஜமா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நம்பர் தப்பு, ஆள் தப்பு என்று வக்கீல் ஏற்கெனவே சொல்லிவிட்டார். வேலை பிழைத்துவிடும். ஆனால் அத்தனை பேர் முன்னால் பவுனம்மா பொய்க்காரி ஆகிவிடுவாள். கட்டைவண்டி அவளைப் பார்த்தார். அவள் ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் தலையை ஆட்டினாள்.

"அவங்க சொல்றது நெசங்கய்யா" என்றார்.

அபராதம் சின்னதுதான், மானேஜரே கட்டினார். வெளியே வேப்பமரத்தடியில் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். "விட்டுட்டாங்களாண்ணே?" என்று பவுனம்மா கேட்டாள்.

"விட்டுட்டாங்கம்மா. நீங்கள்லாம் வந்து சொன்னதாலதான்" என்றார். அவர்களை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பியவர் என்னிடம், "வேல போனத அதுங்ககிட்ட சொல்லிடாத தம்பி. சந்தோசமாப் போவுதுங்க" என்றார்.

அன்று சாயங்காலம் எங்களை விழுப்புரத்துக்குக் கடைசியாக ஓட்டிவந்தார். வழக்கமான வேகம். மானேஜர் ஒருமுறைகூடச் சீக்கிரம் போகச் சொல்லவில்லை. இறங்கும்போது ஏதோ சொல்ல வாயெடுத்து, "பெட்ரோல் இருக்குதா?" என்று கேட்டுவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனார். கட்டைவண்டி சாவியை என்னிடம் கொடுத்தார். கண்டாச்சிபுரம் பக்கம் சொந்த ஊர் என்று முன்பு சொன்ன ஞாபகம். எந்தத் தெரு என்று அப்போதாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த வருத்தம் இன்றும் போகவில்லை.

புது டிரைவர் வந்தார். கடை திறக்கும் முன்பே கொண்டுபோய் இறக்கிவிடுவார். நாங்கள் பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு நிற்போம். அடுத்த அறுவடையில் ஒலக்கூர் வழியே திரும்பி வந்தபோது பவுனம்மா காரைக் கைகாட்டி நிறுத்தினாள். உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அண்ணன் எங்க தம்பி?"

"அவருக்கென்ன, மதராஸ்ல பெரிய கம்பெனியில சேர்ந்துட்டாரு. இதைவிடப் பெரிய கார்" என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா! அன்னிக்கு நாங்க வந்து சொன்னது வீண் போவல!"

கார் நகர்ந்தது. நான் சொன்னது மட்டும் எப்படியாவது பலித்து, எங்கேயாவது ஒரு பெரிய காரை அவர் மெதுவாக ஓட்டிக்கொண்டிருக்க வேண்டுமே என்று திண்டிவனம் வரும்வரை வேண்டிக்கொண்டே வந்தேன்.