செல்லையா முதலாளியின் கடைசிச் சொல்

எல்லவில் ஒரு விடுதிச் சமையலறையை விட்டு வந்து, பசறைப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. வெள்ளைக்காரர் ஒருவர் பாதியில் வைத்துவிட்டுப் போன ரொட்டியின் மீதியை நான் தின்றேன். விடுதிக்காரர் பார்த்துவிட்டார். இரவு ஒரு பஸ் தரிப்பிடத்தில் படுத்து, காலையில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு மறுபடியும் நடை. போகிற இடம் எதுவென்று தெரியாதவனுக்கு ஒரு வசதி உண்டு. எந்த வண்டி வந்து நின்றாலும் அது அவன் போகிற பக்கம்தான் போகும்.

பசறைச் சந்தியைத் தாண்டியதும் அப்படி ஒரு வேன் நின்றது. முதலில் சாம்பார் வாசனை வந்து நின்றது, பிறகுதான் வேன் நின்றது.

"வேலகீல இருக்கா?" என்றார் சாரதி.

"இல்லங்க."

"பான எறக்க ஆள் வேணும். வர வேண்டிய பய குடிச்சுட்டுக் கெடக்கான். பகல் சாப்பாடும் உண்டு. ஏறு."

அதற்குப் பிறகு சாரதி (பெயர் சிவா என்று பிற்பாடுதான் தெரியும்) என்னோடு பேசவே இல்லை. வழி முழுக்கப் போனில் மனைவியோடு சண்டை. ஒரு கையால் வளைவுகளை வெட்டிக்கொண்டு, "நீதான் சொன்ன, நான் சொல்லல்ல" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார். இது யார் சாப்பாடு, எதற்குச் சாப்பாடு என்று கேட்க இடைவெளியே கிடைக்கவில்லை. (கிடைத்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். பசியோடு இருக்கிறவன் சாம்பாரிடம் விலாசமா கேட்பான்?)

லுணுகலை ரோட்டிலிருந்து பிரிந்து தேயிலைக்கு நடுவே ஏறினால் அந்த முதியோர் இல்லம். ஒரு காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியாக இருந்த நீளமான கட்டடம். சிவா பானைகளையும் என்னையும் இறக்கினார். பிறகு இரண்டு பொருட்களைப் பச்சைப் பிள்ளையைக் கொடுப்பதுபோல் கொடுத்தார். ஒன்று, பத்திரிகைத் தாளில் சுற்றிய பெரிய படம். மற்றது, வாழையிலையில் பொதிந்த ரோஜா மாலை.

"ரெண்டும் பத்திரம். நான் போய் கோயில்ல இருந்து குடும்பத்த ஏத்திக்கிட்டு வந்துர்றேன்" என்றார். போன் மறுபடி அடித்தது. போய்விட்டார்.

இல்லத்தின் மேட்ரன் ராஜேஸ்வரி யாழ்ப்பாணத்துக்காரர். வாசலுக்கே வந்துவிட்டார்.

"பகல் சாப்பாடு எண்டு மட்டும்தான் தம்பி போனில சொன்னவை. ஆற்ற நினைவு நாள்?"

அவர் அப்படிக் கேட்டதில் தப்பு இல்லை. எங்கள் பக்கத்தில் முதியோர் இல்லத்துக்குச் சாப்பாடு வந்தால் அது பெரும்பாலும் செத்தவர் பெயரில்தான் வரும். அப்பா நினைவு, அம்மா நினைவு, முப்பத்தோராம் நாள். உயிரோடு இருந்தபோது ஒரு வாய் சோறு போடாத மகன்கூட, செத்த பிறகு வடை பாயாசத்தோடு போடுவான். சாப்பாட்டு அறைச் சுவர் முழுக்கக் கொடையாளிகளின் படங்கள். எல்லாப் படத்துக்கும் மாலை.

என் கையில் ஒரு படம். பக்கத்தில் ஒரு மாலை. நான் படித்தது ஏழாம் வகுப்புதான் என்றாலும் இந்தக் கணக்கைப் போட அது போதும். தாளைப் பிரித்தேன். தங்க நிறச் சட்டத்துக்குள் நெற்றி நிறையத் திருநீறோடு ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இவருதாங்க மிஸ்" என்றேன்.

மேட்ரன் வாங்குப் பலகையில் தொப்பென்று உட்கார்ந்தார். "ஐயோ, பதுளைக் கடைச் செல்லையா முதலாளியல்லோ! எப்ப மோசம் போனவர்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கூலிக்கு அலைகிறவன் அந்தச் சொல்லைப் பழகுவதில்லை. மண் வெட்டத் தெரியுமா? தெரியும். மாடு கறக்கத் தெரியுமா? தெரியும். முதலாளி எப்போது செத்தார்?

"கிட்டத்துலதாங்க. நெஞ்சு வலி. தூக்கத்துலயே போயிட்டாரு."

மேட்ரன் அழுதார். ஒரு கடை முதலாளி மேல் இவ்வளவு பாசமா என்று நினைத்தேன். பாசம் முதலாளி மேல் இல்லை, தகரத்தின் மேல். பெண்கள் படுக்கும் அறையின் கூரை துருப்பிடித்துச் சல்லடையாகிக் கிடந்தது. மழை வந்தால் கட்டில்களை இழுத்து நகர்த்துவார்களாம். எழுந்திருக்க முடியாதவர்களின் கட்டில்காலில் குடையைக் கட்டி வைப்பார்களாம். அடைமழைக்கு அதிக நாள் இல்லை. யார் யாரையோ கேட்டு, கடைசியில் செல்லையா முதலாளிதான் "யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லியிருந்தார்.

"இனி ஆரிட்டப் போய்க் கேக்கிறது தம்பி? அந்த மனுசியள் இந்த மழைக்கும் நனையத்தானோ?"

அழுகிறவரைத் தேற்ற என் கைவசம் என்ன இருந்தது? பொய்தான் இருந்தது.

"கவலப்படாதீங்க மிஸ். கடைசி மூச்சுலயும் 'தகரம், தகரம்'னுதான் சொன்னாராம். முழுக் கட்டடத்துக்கும் புதுத் தகரம் போடணும்னு மகன்கிட்ட சத்தியம் வாங்கிட்டுத்தான் கண்ண மூடினாராம்."

(தூக்கத்தில் செத்தவர் எப்போது எழுந்து சத்தியம் வாங்கினார் என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் எனக்கும் நல்லது.)

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஆனால் மேட்ரனுக்குப் பின்னால் மாரியாயி நின்றுகொண்டிருந்தார். கொழுந்து எடுத்த காலத்தில், சுற்றியிருக்கிற எந்த லயத்து வீட்டில் சாவு விழுந்தாலும் ஒப்பாரிக்கு அவரைத்தான் கூப்பிடுவார்களாம். இல்லத்துக்கு வந்த பிறகு அவருக்குத் தொழிலே இல்லை. இங்கே யாராவது செத்தால் வேன் வரும், ஏற்றும், போகும். வாயைத் திறக்க விடமாட்டார்கள்.

மீன் வாங்க வந்தவர் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல் என்னை விசாரித்தார்.

"பொஞ்சாதி இருக்கா?"

"இருக்காங்க."

"புள்ளைக?"

"நெறைய."

"நெறையன்னா எப்புடிய்யா பாட்டுல வெக்கிறது? கணக்கா சொல்லு."

"நாலு."

அவ்வளவுதான். படத்தை மேசையில் நிறுத்தினார்கள், மாலையைப் போட்டார்கள், விளக்கை ஏற்றினார்கள். இல்லத்தில் வேலை செய்யும் சோமாவதி, சிங்களத்தில் "அனே பவ்" (ஐயோ பாவம்) என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒரு பழைய படுக்கை விரிப்பைக் கிழித்து, சந்தி வரைக்கும் சாவு வீட்டு வெள்ளைக் கொடி கட்டிவிட்டு வந்தார். வந்த கையோடு விளக்கையும் படத்தையும் போனில் பிடித்து முகநூலில் போட்டார். கொடியைப் பார்த்துச் சந்தி ஓட்டோக்காரர்கள் வந்தார்கள். பகல் சாப்பாட்டுக்கு இறங்கிய கொழுந்துப் பெண்கள் கூடைகளை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். அதுவரை அந்த இல்லத்துப் படியை மிதிக்காதவர்கள்கூட வந்தார்கள் என்று மேட்ரன் பிறகு சொன்னார்.

நான் அகப்பையோடு பானைப் பக்கத்தில் நின்றேன்.

"சாம்பார் ஆறுதுங்கம்மா. சாப்பிட்டுட்டு அழுதா என்ன?"

"தூ! துக்கத்த முடிக்காம சோத்துல கை வெக்கிறதா? மனுசனாய்யா நீ?" என்றார் மாரியாயி.

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்ல முடியாது. அவரைச் சாகடித்தவன் நான். எனக்கே அதை முடித்து வைக்க அதிகாரம் இல்லை. மாரியாயி கூந்தலை அவிழ்த்துவிட்டு ஆரம்பித்தார். மற்றப் பெண்கள் தோளோடு தோள் சேர்த்துக்கொண்டார்கள்.

"தங்கத் தராசு புடிச்ச ராசாவே
தகரமுன்னு சொல்லிச் சாஞ்சீரே!
நாலு புள்ள பெத்த மகராசா
நனையிறமே நாங்க, பாத்தீரா?
பருப்புல கல்லு கெடந்தாலும் – உம்ம
பாசத்துல கல்லு இல்லையே!"

பருப்புக் கல் வந்த இடத்தில் அழுகை உச்சத்துக்குப் போனது. எல்லோரும் அந்தக் கடையில் பருப்பு வாங்கியவர்கள்.

இந்த நேரத்தில் வேனில் நடந்ததைச் சிவா எனக்குப் பிறகு சொன்னார். அன்று முதலாளிக்கு அறுபது நிறைவு. பதுளைக் கோயிலில் மனைவி மீனாட்சியம்மாளுக்கு மறுபடி தாலி கட்டி, அறுபதாம் கல்யாணத்தை முடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். முதியவர்கள் கையால் தன் கழுத்தில் விழுவதற்குத்தான் அந்த மாலை. அந்தச் சுவரில் உயிரோடு தொங்கும் முதல் ஆள் தானாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் அந்தப் படம். பாதி வழியில் மீனாட்சியம்மாளின் தம்பி கண்டியிலிருந்து போன் எடுத்து, "அக்கா, மனச தேத்திக்கங்க" என்று சொல்லிவிட்டு அழுதிருக்கிறார். எதற்கு என்று கேட்பதற்குள் மலை வளைவில் சிக்னல் போய்விட்டது. சந்தியில் வெள்ளைக் கொடியைக் கண்டு முதலாளி தலையை வெளியே நீட்டி ஓட்டோக்காரர் ஒருவரைக் கேட்டிருக்கிறார்.

"யாருப்பா தவறினது?"

"பதுளைச் செல்லையா முதலாளிங்க."

"எந்தச் செல்லையா?"

"தகரம் தகரம்னு சொல்லிச் செத்தாரே, அவருதாங்க."

முதலில் உள்ளே வந்தது மீனாட்சியம்மாள். கூறைச்சேலை, தலை நிறையப் பூ. புருஷன் படத்துக்கு முன்னால் விளக்கு எரிவதைப் பார்த்து "ஐயையோ!" என்று ஒரு சத்தம் போட்டார். சம்சாரம் வந்துவிட்டது என்று மாரியாயிக்கு விளங்கிவிட்டது. பாய்ந்து கட்டிக்கொண்டார்.

"அழு தாயி, அழுதுரு! உள்ளுக்குள்ள வெச்சுக்காத!" கட்டிக்கொண்ட கை கழுத்தில் பட்டது. பாட்டு நின்றது. "அடியாத்தி! இது என்னாடி புதுத் தாலி?"

அதற்குள் முதலாளி வந்துவிட்டார். பட்டு வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. மாரியாயி படத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"தம்பிங்களா? அப்புடியே அண்ணன உரிச்சு வெச்சிருக்கீங்க."

"அண்ணனும் இல்ல, தம்பியும் இல்ல. நாந்தாம்மா அது!"

மேட்ரன்தான் முதலில் தெளிந்தார். "ஐயோ கடவுளே, உயிரோடயோ இருக்கிறியள்!" என்று கும்பிட்டார். அடுத்த மூச்சில், "அப்ப தகரம்?" என்றார்.

"என்னா தகரம்? எவன் சொன்னான் நான் தகரம்னு செத்தேன்னு?"

எல்லா விரலும் என் பக்கம் திரும்பியது. எழுந்து நடக்க முடியாத ஒரு பெரியவர் கட்டிலோடு திரும்பி விரல் நீட்டினார். மேட்ரன் நான் சொன்னதை ஒன்றுவிடாமல் ஒப்பித்தார்.

"மகன்கிட்ட சத்தியம் வாங்கினேனாமே! எனக்கு ஒரே ஒரு மகள்டா! மகன் எங்கடா எனக்கு?"

"இன்னிக்குத்தானங்க கலியாணம் ஆயிருக்கு. அவசரப்படாதீங்க" என்று பின்னாலிருந்து ஓர் ஓட்டோக்காரர் ஆறுதல் சொன்னார்.

மீனாட்சியம்மாள் தாலியைப் பொத்திப் பிடித்துக்கொண்டார். "என் தாலிக்குத் தோசம் புடிச்சிருச்சு. இந்த எடத்துல ஒரு நிமிசம் நிக்கக் கூடாது. வாங்க வீட்டுக்கு!" என்று புருஷன் கையைப் பிடித்து இழுத்தார். முதலாளியும் திரும்பினார். மேட்ரன் முகத்தைப் பார்த்தேன். வாசலை நோக்கிப் போவது ஒரு புருஷனும் மனைவியும் இல்லை, முழுக் கூரையும். தடுக்க அவருக்கு வாய் வரவில்லை. எனக்கு வாய் வரும், ஆனால் அன்றைக்கு என் வாய் செய்தது போதும்.

மாரியாயிதான் வாசலை மறித்தார்.

"நில்லு தாயி. உசுரோட இருக்கிறவனுக்கு ஒப்பாரி வெச்சா ஆயுசு கூடும். யார வேணும்னாலும் கேட்டுப் பாரு."

கூட்டத்தில் தலைகள் ஆடின. அது எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வதுதான். மீனாட்சியம்மாள் இழுப்பதை நிறுத்தினார்.

"ஆனா ஒண்ணு. கடைசிச் சொல்லுன்னு ஒண்ணு வெளிய வந்துருச்சு. அத நெறவேத்தாம விட்டா, கூடின ஆயுசு தங்காது."

(இந்தச் சாஸ்திரத்தை அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அதைச் சொன்னபோது மாரியாயி முகத்தில் ஓர் அசைவு இருக்க வேண்டுமே!)

"அது என் சொல்லே இல்லையே!" என்று முதலாளி கத்தினார். "நான் ஏதோ அஞ்சாறு பழைய தகரம் குடுக்கலாம்னுதான் நெனச்சேன்!"

"நீங்க நெனச்சது இருக்கட்டும். சொன்னதச் செய்யுங்க" என்றார் மீனாட்சியம்மாள். "முழுக் கட்டடத்துக்கும். நாளைக்கே."

பிறகு ஆறிப்போன சாம்பாரை எல்லோரும் சாப்பிட்டோம். முதியவர்கள், கொழுந்துப் பெண்கள், ஓட்டோக்காரர்கள், வேலைக்காரர்கள் என்று ஒரே பந்தி. முதலாளியே பாயாசம் பரிமாறினார். வாங்கிய ஒவ்வொருவரும் அவர் கையை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். என் கூலியைக் கேட்டபோது, "செத்தவன்கிட்ட எவன்டா கூலி கேப்பான்?" என்றார். முகநூலைப் பார்த்துப் பதுளையில் பக்கத்துக் கடைக்காரர் மரியாதைக்காக மூடிய கடையை, அன்று மாலை முதலாளியே நேரில் போய்த்தான் திறக்கச் சொன்னாராம்.

முதலாளி வீட்டில் இன்றைக்கும் அவர் எதையாவது "யோசிச்சுச் சொல்றேன்" என்றால், மகள், "கடைசிச் சொல்லா சொல்லிருங்கப்பா, உடனே நடந்துரும்" என்கிறாளாம். பிறந்தநாள் தவறாமல் இல்லத்துக்கு வந்து சாப்பிடுகிறார். வராவிட்டால் மாரியாயி சந்தேகப்படுவார் என்று பயம்.

அந்தப் பந்திக்கு மறுநாள் காலை தகர லொறி வந்தது. சந்திக்கு மேல் ஏற மாட்டேன் என்று நின்றுவிட்டது. அங்கிருந்து ஒவ்வொரு தகரமாகத் தலையில் சுமந்து ஏற்றியவர்களில் நானும் ஒருவன். கூரை போட வந்த தச்சு வேலைப் பாஸுக்கு ஒரு கையாள் குறைந்தது. "நில்லு" என்றார். நின்றேன். எனக்குக் கிடைத்த அடுத்த வேலை அதுதான். ஆணிகளை வாயில் கவ்விக்கொண்டு ஏணியில் ஏறினேன். கீழே மாரியாயி ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து அண்ணாந்து பார்த்தார்.

"பாத்து ஏறுய்யா! நீ வழுக்கி விழுந்தா பாடுறதுக்கு ஒம் பேருகூட எனக்குத் தெரியாது."

ஆணிகளை எடுத்துவிட்டு, "மணிங்கம்மா" என்றேன்.

"தாய் தகப்பன்?"

"இல்லங்க."

"கூடப் பொறந்ததுக?"

"யாருமில்லங்க."

"பேரும் சின்னது, ஆளும் யாருமில்ல. இத வெச்சு நான் என்னத்தப் பாடுறது?" என்று சலித்துக்கொண்டார். கதிரையை ஏணிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, ஏணியின் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் முதல் ஆணியை அடித்தேன்.