ஏழு தேன்கூடும் ஒரு பவர் ஆம்ப்பும்

ஒரு காட்டில் கரண்ட் வந்தது. கரண்டுக்குப் பின்னாலேயே கடைக்காரன் வருவான் என்பது எல்லாக் காட்டுக்கும் பொது. ரத்தினவேலு என்கிற உடும்பு வந்து, பாறை இடுக்கில் ஸ்பீக்கர் கடை போட்டான்.

அந்தக் காட்டில் மொக்கச்சாமி என்றொரு கரடி. சொன்ன விலைக்கு எந்தப் பொருளையும் வாங்கியதில்லை என்பதுதான் அவருடைய ஒரே பெருமை. சும்மா வந்த பெருமை இல்லை. இளவயதில் கிளை முறிந்து விழுந்து, தேனீக்களிடம் மூக்கு வீங்கக் கொட்டு வாங்கி, அழுகின பலாவை நல்ல பலா என்று குரங்குகளிடம் ஏமாந்து, அப்புறம் கற்றுக்கொண்டது. யார் என்ன விலை சொன்னாலும் முதலில் கோபப்படுவார். பிறகு பாதி கேட்பார். பிறகு கிளம்புகிற மாதிரி நாலு எட்டு வைப்பார். நாலாவது எட்டில் கூப்பிட்டுவிடுவார்கள். கூப்பிடாவிட்டால் ஐந்தாவது எட்டில் செருப்பு அறுந்த மாதிரி குனிந்து நிற்பார். கரடிக்கு ஏது செருப்பு என்று கேட்கக் கூடாது. அது தொழில் ரகசியம்.

அப்படி நின்று குனிந்துதான் ரத்தினவேலுவிடம் இரண்டு ஸ்பீக்கர் வாங்கினார். இடுப்பு உயரம். பாட்டை வாங்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிற பழைய ரிசீவர் ஒன்று வீட்டில் கிடந்தது, அதில் மாட்டினார். பாட்டுப் போட்டால் குகை நிறைந்தது. தவில் அடி நெஞ்சில் வந்து விழுந்தது. இரண்டு மாதம் கரடி சந்தோஷமாக இருந்தார்.

ஒருநாள் மத்தியானம் அந்தப் பக்கம் போன உடும்பு உள்ளே வந்தான். ஸ்பீக்கர் அருகே தலையைச் சாய்த்துக் கேட்டான். நாக்கை நீட்டி உள்ளே இழுத்துக்கொண்டு, "ப்ச்" என்றான்.

கரடியின் இரண்டு மாத சந்தோஷம் அந்த ஒரு 'ப்ச்'சில் போய்விட்டது.

"என்னடா ப்ச்சு?"

"ஒண்ணுமில்லண்ணே. நல்லாத்தான் பாடுது."

"ஒண்ணுமில்லாதவன் வாயை மூடிக்கிட்டுப் போயிருக்கணும். சொல்லு."

"ஸ்பீக்கரு பட்டினி கெடக்குதுண்ணே. இந்த ரிசீவரு ஒத்த ஆளு. சமைக்கிறது, பரிமாறுறது, எச்சில் எலை எடுக்கிறது எல்லாம் அவனே. பந்தியில உக்காந்த ஸ்பீக்கருக்கு எப்படி வயிறு நெறையும்? ஸ்பீக்கருக்குப் பலம் குடுக்கிறதுக்குன்னே பவர் ஆம்ப்புன்னு ஒரு பெட்டி இருக்கு, அதைத் தனியா மாட்டுங்க. ரிசீவரு பரிமாறட்டும், அடுப்படிய அது பார்த்துக்கும்."

மறுநாளே பெட்டியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். கன்றுக்குட்டி கனம். இரண்டு விலாவிலும் சீப்புப் பல் மாதிரி இரும்புத் தகடுகள். மாட்டிப் பாட்டுப் போட்டான். கரடி கண்ணை மூடிக் கேட்டார். ஏதோ கூடியிருந்த மாதிரிதான் இருந்தது.

"வெல?"

"மருதமரத்துல தொங்குற ஏழு தேன்கூடும்."

கரடி கோபப்படுவதற்குள் உள்ளேயிருந்து அவர் மனைவி ஒச்சம்மாள் வந்துவிட்டாள். "இந்தாங்க, மழை பிடிச்சா புத்தெல்லாம் ஊறிப் போயிரும். நக்குறதுக்கு ஒரு கரையான் சிக்காது. ரெண்டு மாசம் நம்ம நாலு வயிறும் அந்த ஏழு கூட்டை நம்பித்தான் இருக்கு. நெனப்பிருக்கா?"

"இருக்கு, இருக்கு. ஸ்பீக்கரு பட்டினி கெடக்குதாம்."

"பெத்த பிள்ளைக கெடக்கப் போகுது, அதைப் பாருங்க. முதல்ல இந்த ஆம்ப் ஏதாச்சும் செய்யுதான்னு சோதிச்சுப் பாத்துருவோம்."

குகைக் கூரையில் சொக்கன் என்றொரு வௌவால் பல வருஷமாகக் குடியிருந்தான். காதுதான் அவன் பிழைப்பு. ஒச்சம்மாள் அவனை எழுப்பி விஷயத்தைச் சொன்னாள். பெட்டிகளுக்கு முன்னால் ஒரு போர்வையைக் கட்டினாள். வௌவால் போர்வைக்குப் பின்னால் போய்த் தொங்கியதும் முதல் வேலையாக, "யோவ் உடும்பு, உன் பெட்டிக்கு மட்டும் சத்தத்தை ஒரு நூலு தூக்கி வெச்சிருக்கியே. சத்தம் கூடினா எதுவும் நல்லாத்தான் கேக்கும்" என்று இரண்டையும் சமமாக வைத்தான்.

பிறகு பத்துத் தடவை பாட்டுப் போட்டார்கள். வௌவால் பின்னால் ஆம்ப்பை மாட்டியும் கழற்றியும் போட, இப்போது ஆம்ப் இருக்கிறதா இல்லையா என்று மொக்கச்சாமி போர்வைக்கு இந்தப் பக்கம் இருந்து சொல்ல வேண்டும். நெற்றியைச் சுருக்கி, காதை நீவி, ஒவ்வொரு தடவையும் அடித்துச் சொன்னார்.

"பத்துல நாலு சரி," என்றான் வௌவால். "தூங்கிக்கிட்டே சொல்லியிருந்தாக்கூட அஞ்சு வந்திருக்கும். எனக்கே வித்தியாசம் தெரியலண்ணே. இது சின்னக் குகை. நீங்க வெக்கிற சத்தத்துக்கு ரிசீவரு பாதி பலத்தைக்கூடக் காட்டல. யானைக் கூட்டத்தைக் கூட்டி வெச்சுப் பாட்டுப் போடுறதுன்னா, இல்ல கரண்டை அப்படியே உறிஞ்சுற ரகத்து ஸ்பீக்கருன்னா தனி ஆம்ப் வேணும். உங்களுக்கு எதுக்கு?"

"கேட்டீங்கல்ல?" என்றாள் ஒச்சம்மாள்.

"கேட்டேன். டேய், என்னையே ஏமாத்தப் பாத்தியா? தூக்குடா பெட்டிய."

நியாயமாகக் கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். நியாயம் எந்தக் காட்டில் இருக்கிறது?

உடும்பு மறுபேச்சுப் பேசாமல் ஒயரைச் சுருட்டினான். சுருட்டிக்கொண்டே தனக்குத் தானே சொல்கிற மாதிரி, "அண்ணனுக்குன்னா அஞ்சு கூட்டுக்கே விட்டுரலாம்னு இருந்தேன்" என்றான்.

கரடியின் காது நிமிர்ந்தது.

"ஏழுன்னியே?"

"அது ஊருக்குச் சொல்ற வெலண்ணே."

"ரெண்டு தர்றேன்."

"ஏங்க," என்றாள் ஒச்சம்மாள்.

"சும்மா இரு புள்ள, எறங்குறான்."

"நாலரைண்ணே. அதுக்குக் கீழ எனக்குக் கட்டாது."

கரடிக்கு ரத்தம் சூடேறிவிட்டது. வழக்கம் போலக் கிளம்புகிற மாதிரி நாலு எட்டு வைத்தார். சொந்தக் குகையை விட்டே வெளியே போய்விட்டார். அங்கே செருப்பு அறுந்த மாதிரி குனிந்து நின்றார். உள்ளேயிருந்து உடும்பு கூப்பிட்டான். மூன்று கூட்டுக்கு முடிந்தது.

"பாத்தியா, நாலு கூடு மிச்சம் பண்ணியிருக்கேன்," என்றார் மனைவியிடம்.

"வேண்டாத சாமானுக்கு மூணு கூடு போச்சு."

"உனக்கு யாவாரம் தெரியாது."

வௌவால் இறக்கையால் முகத்தை மூடிக்கொண்டு தூங்கப் போய்விட்டான்.

மழை பிடித்தது. புற்றெல்லாம் ஊறிப் போயிற்று. பாதி மழைக்காலத்திலேயே நாலு கூடு ஒன்றரையாகிவிட்டது. குட்டிகள் இரண்டும் காலி அடையைத் திருப்பித் திருப்பி நக்கிக்கொண்டிருந்தன. ஸ்பீக்கர்கள் மட்டும் வயிறு நிறைந்து பாடின.

ஒரு நாள் நனைந்துகொண்டே உடும்பு வந்தான். கக்கத்தில் பாம்பு தடிமனுக்கு ஒரு ஒயர். ஸ்பீக்கரிடம் தலையைச் சாய்த்தான்.

"ப்ச்."

"இப்ப என்னடா?"

"ஆம்ப்பு நல்லாத்தான் சமைக்குதுண்ணே. சோறு போற தொண்டைதான் ஒடுக்கமா இருக்கு. இந்த ஒயரை மாட்டிப் பாருங்க. ஒரே ஒரு கூடு."

"கால் கூடு."

"முக்கால்ண்ணே."

கரடி எழுந்து நாலு எட்டு வைத்தார். மழையில் குனிந்தார். அரைக் கூட்டில் வந்து நின்றது.

ஒச்சம்மாள் குட்டிகளைப் பார்த்தாள். போர்வை கட்டிப் பத்துத் தடவை நிரூபித்த உண்மை இந்தக் காதில் ஏறவில்லை, பிள்ளைகளின் வயிற்றைக் காட்டியும் ஏறவில்லை. அடுப்பு வேலையை விடாமல், தலையைத் திருப்பாமல் சொன்னாள்: "அரைக் கூடா? கால் கூட்டுக்குத்தான் வாங்குனோம்னு காட்டுப்பன்றி வீட்டுல சொன்னாங்க."

கரடி மழையிலிருந்து நிமிர்ந்தார்.

"அய்யோ அண்ணே, நான் விக்கவே இல்ல," என்று பதறினான் உடும்பு. "பன்றி வீட்டுல ஸ்பீக்கரே கெடையாதுண்ணே."

"ஸ்பீக்கரே இல்லாதவனுக்குக் கால் கூடு, என்கிட்ட அரையாடா?"

கரடி விட்ட ஒரு அறையில் உடும்பு ஒயரோடு சரிவில் உருண்டான். அந்த ஒன்றரைக் கூட்டை வைத்து ஒச்சம்மாள் மழை ஓய்கிற வரைக்கும் நாலு வயிற்றையும் ஒப்பேற்றிவிட்டாள்.

நீதி: ஸ்பீக்கருக்குத் தனி பவர் ஆம்ப் வேண்டுமா என்று வீட்டில் யாராவது கேட்டால் உண்மையைச் சொல்லி நேரத்தை வீணாக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரனுக்கு அது இன்னும் மலிவாகக் கிடைத்தது என்று ஒரு பொய் சொல்லுங்கள். குடும்பம் பிழைக்கும்.