கொழுப்புக் கட்டுரை

ஞாயிறு காலை ஏழு மணிக்குள் ஒன்பதாவது தொலைபேசி அழைப்பு வந்தது. லெனாட் பயந்து பயந்து எடுத்தார்.

"ஆரைப் பாத்து, ஐசே, கொழுப்பெண்டு எழுதினனீர்?" என்றது வல்வெட்டித்துறையிலிருந்து ஒரு குரல்.

லெனாட் யாழ்ப்பாணப் பத்திரிகை ஒன்றில் பத்தொன்பது வருடமாக உணவு விஞ்ஞானப் பத்தி எழுதுகிறவர். தேங்காயெண்ணெய் நல்லதா, முட்டை மஞ்சட்கரு கெட்டதா என்று உலகத்து விஞ்ஞானிகள் பிடிக்கிற சண்டையெல்லாம் அவர் மூலமாகத்தான் அவரது ஊரான உடுவிலுக்கு வந்து சேரும். இந்த வாரம் இரத்தத்தில் கொழுப்பு ஏறுவதைப் பற்றி எழுதி, "யாழ்ப்பாணத்தாருக்குக் கொழுப்பு கூடிவிட்டது" என்று தலைப்பும் வைத்துவிட்டார். ஊர் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டது.

சமாளிக்காவிட்டால் பத்தியை நிறுத்திவிடுவேன் என்றார் ஆசிரியர் செல்வத்துரை. அந்தப் பத்தி போனால் லெனாட்டை ஒரு மனுசனாக யார் மதிப்பார்கள்?

அடுத்த ஞாயிறு தலைப்பு, "கொழுப்பு நமக்கல்ல, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கே". உள்ளூர் குளிர்ந்தது. மத்தியானத்துக்குள் கனடா கொதித்தது. அங்கிருந்து திருவிழாவுக்கு வந்திருந்த ஒருவர் நேரே வீட்டுப் படலையில் வந்து நின்று சத்தம் போட்டார். ஒரு வரி விடாமல் வாசித்தாராம்.

இனி வாயை மூடிக்கொண்டு இருங்கள் என்று சொன்னாள் மனைவி யோசப்பின். கேட்டால்தானே! கொழுப்பில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. அதைச் சொன்னால் எல்லோரும் அடங்குவார்கள் என்று நினைத்தார். மூன்றாம் ஞாயிறு, மீன் தின்கிற ஊருக்கு நல்லதைக் கொடுத்து, "மயிலிட்டியில் நல்ல கொழுப்பு, உடுவிலில் கெட்ட கொழுப்பு" என்று வந்தது. வழக்கம்போலத் தலைப்பையும் தன் படத்தையும் பார்த்துவிட்டுப் பத்திரிகையை மடித்து வைத்தார். எழுதினவரே இன்னொருதரம் ஏன் வாசிக்கவேண்டும்?

நல்லதென்றாலும் கொழுப்புக் கொழுப்புத்தானே என்று மயிலிட்டி கேட்டது. உடுவில் தேவாலயத்தில் அவர் இருந்த நீள மர வாங்கில் வேறு ஒருவரும் வந்து இருக்கவில்லை.

திங்கட்கிழமை செல்வத்துரை அவரைக் கூப்பிட்டு, இன்றோடு பத்தி முடிந்தது என்றார். லெனாட் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தார்.

"தலைப்பை விடுங்கோ அண்ணை. கட்டுரையை வாசிச்சனீங்களோ? அதிலை ஒரு பிழை காட்டுங்கோ, நானே எழும்பிப் போறன்."

"மூண்டு தரம் வாசிச்சிட்டன். முழுக்கக் கொழுப்பு," என்றார் செல்வத்துரை.

பக்கம் வடிவமைக்கிற சுபாஜினி மூன்று ஞாயிற்றுப் பத்திரிகைகளையும் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது அவளுக்கு.

"சேர், மூண்டு கிழமையும் நான் தலைப்பை மட்டுந்தான் மாத்தியிருக்கிறன், கீழை கிடக்கிறது போன மாசத்து முருங்கையிலைக் கட்டுரை."