வெர்னா கேட்ட ஒரு நாள் லீவு

"மூணு அடுக்கு கேக்குக்குச் சொல்லியாச்சு. மேல வெள்ளை க்ரீமா, சாக்லேட்டா?" என்று லூசில் கதவிடுக்கில் தலையை நீட்டிக் கேட்ட நேரத்தில்தான் வென்டல் வெர்னா கொடுத்திருந்த படிவத்தைக் கோப்பில் சேர்ப்பதற்காகக் கையில் எடுத்திருந்தான். மேல்மூலையில் 17 என்று அச்சிட்டிருந்தது.

கண்ணாடியைத் தூக்கிவிட்டு இன்னொரு முறை படித்தான். படிவ எண் 71 என்றால் பணி ஓய்வு. 17 என்றால் ஒரு நாள் லீவு. நேற்று சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் எண்ணைத் திருப்பிப் படித்துத் தொலைத்திருக்கிறான்.

எல்க் ஃபோர்டு பள்ளி மாவட்டத்தில் ஏழு பள்ளிக்கூடங்கள், நாற்பத்தொரு மஞ்சள் பஸ்கள். அதில் ஒன்பதாம் எண் பஸ்ஸை முப்பத்தெட்டு வருஷமாக ஓட்டுகிறவர் வெர்னா ஹால்வர்சன். வென்டலே அதில் போய்ப் படித்தவன்தான். ஒருநாள் பேண்டு வகுப்புக்கான ட்ராம்போன் குழலை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்து அவன் அழுதபோது, முப்பது பிள்ளைகளோடு பஸ்ஸைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய் அதை எடுத்துக் கொடுத்த புண்ணியவதி. இப்போது அவன் மாவட்ட அலுவலகத்தில் பணியாளர் பிரிவு எழுத்தர். நியமனம், லீவு, ஓய்வு எல்லாம் அவன் மேஜை வழியாகத்தான் போகவேண்டும்.

நேற்று நடைபாதையில் லூசிலிடம் வாய்விட்டதுதான் வினை. "வெர்னா இந்த வெள்ளிக்கிழமையோட ரிட்டயர் ஆகறாங்களாம்," என்று பெருமூச்சு விட்டுவிட்டான். லூசில் ஏழு பள்ளிகளின் சமையல்கூடங்களுக்கும் தலைவி. அவளிடம் ஒன்றைச் சொல்வதும் ஒலிபெருக்கியில் அறிவிப்பதும் ஒன்றுதான்.

"லூசில், கேக்கெல்லாம் வேண்டாமே," என்றான் வென்டல், குரலைத் தணித்து. "வெர்னாவுக்கு ஆர்ப்பாட்டம் பிடிக்காது. இதைப் பத்தி யாரும் பேசாம இருந்தா நல்லது."

லூசிலின் கண்கள் விரிந்தன. "ஓஹோ! அவளுக்கே தெரியாம செய்யணும்கிறியா? கதவைத் திறந்ததும் எல்லாரும் ஒண்ணா கத்தணும், அதானே? அடேயப்பா, உனக்குள்ள இப்படி ஒரு மூளையா!"

"அதில்ல லூசில், நான் சொல்ல வந்தது..."

"வாயே திறக்க மாட்டேன்!" என்று சத்தியம் செய்துவிட்டுப் போனாள்.

மத்தியானச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் ஏழு பள்ளிகளிலும் விஷயம் தெரிந்துவிட்டது. வெர்னா ஒருவரைத் தவிர.

இனி உண்மையைச் சொல்லிவிடுவதே மேல் என்று வென்டல் மாவட்டக் கண்காணிப்பாளரின் அறைக்குப் போனான். ஹாரியட் போமன் அம்மையார் யாரையும் உட்காரச் சொல்கிறவர் அல்ல. அன்றைக்கு எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வென்டல்! பதினாலு வருஷமா இந்த ஆபீஸ்ல நீ ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்ல. ஆனா ஒரு டிரைவருக்கு விழா எடுக்கணும்னு தோணினது உனக்கு மட்டும்தான். இப்பதான் வாரிய உறுப்பினர்கள்கிட்ட பேசினேன். பஸ் நிலையத்துக்கே வெர்னா பேரு வைக்கிறோம்."

"மேடம்..."

"சொல்லு, சொல்லு."

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? விழாவை எப்படியாவது தள்ளிப்போட்டால் போதும் என்று தோன்றியது. "வெள்ளிக்கிழமை முடியாதுன்னு நினைக்கறேன் மேடம். ஆபீஸ் ஹால்ல அறுபது பேருக்குமேல நிக்கவே முடியாது."

போமன் நெற்றியைத் தட்டிக்கொண்டார். "எனக்கு இது தோணலையே! உயர்நிலைப் பள்ளி விளையாட்டரங்கத்துல வெச்சிடலாம். அறுநூறு பேர் உக்காரலாம். பேண்டு வாத்தியத்தையும் வரச்சொல்லு. வெள்ளிக்கிழமை நாலு மணி, சரியா?"

வெளியே வந்த வென்டல் தண்ணீர்க் குழாயில் நீண்ட நேரம் முகம் கழுவினான்.

ஒரே ஒரு வழிதான் மிச்சம். வெர்னாவை நிஜமாகவே ரிட்டயர் ஆக வைத்துவிட்டால் எல்லாம் நேராகிவிடும்! மறுநாள் பஸ் நிலையத்துக்கு நடையைக் கட்டினான். வெர்னா ஒன்பதாம் எண் பஸ்ஸுக்குள் குனிந்து, இருக்கைக்கு அடியில் ஒட்டியிருந்த மிட்டாயைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"வாடா ட்ராம்போன்! என்ன இந்தப் பக்கம்?"

"சும்மாதான் வெர்னா. முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு, இல்ல? இனிமே கொஞ்சம் ஓய்வா, ஏரிக்கரையில உக்காந்து மீன் பிடிச்சிக்கிட்டு..."

"மீனா? அந்த வாசனையே எனக்கு ஆகாது." வெர்னா நிமிர்ந்தார். "ஏன், என்னை வீட்டுக்கு அனுப்பப் பாக்கறியா?"

"சேச்சே!"

"இந்த ஸ்டியரிங்லேருந்து என் கையைப் பிரிக்கணும்னா கிரேன் கொண்டாரணும். உன் ஆபீஸ்ல சொல்லி வை. அது கெடக்கட்டும், வெள்ளிக்கிழமை லீவு கேட்டிருந்தேனே, என்னாச்சு?"

வென்டலுக்கு மூளையில் மின்னல் வெட்டியது. பஸ்கள் ஐந்து மணிவரை ஓடும். லீவு கொடுக்காவிட்டால் நாலு மணிக்கு வெர்னா சாலையில் இருப்பார். விழா நாயகியே இல்லாமல் விழா ஏது?

"ஆள் பத்தல வெர்னா. வேற நாள் எடுத்துக்கலாமே?"

வெர்னா சுரண்டியைக் கீழே வைத்தார். "முப்பத்தெட்டு வருஷத்துல நான் கேக்கற மொத லீவுடா இது. கடவாப்பல்லு ரெண்டைப் பிடுங்கின அன்னிக்குக்கூட வண்டி எடுத்தேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

வென்டலால் தாங்க முடியவில்லை. "கொடுத்தாச்சு! கொடுத்தாச்சு!" என்று பதறி, பஸ்ஸின் முகப்பிலேயே, கையோடு கொண்டுவந்திருந்த படிவத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ஓடிவந்தான்.

அடுத்த பஸ்ஸிலிருந்து இரண்டு டிரைவர்கள் இதைக் கேட்டுவிட்டார்கள். கடைசி நாளன்றுகூட வெர்னாவுக்கு லீவு தரமாட்டேன் என்றானாம் என்று பேச்சு பரவியது. நாற்பது டிரைவர்களுக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பெற்றோர்களை ஒருநாளைக்கு அவரவர் காரில் வந்து பிள்ளைகளைக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டு, நாற்பது பஸ்களையும் அரங்க வாசலில் அணிவகுத்து ஹாரன் அடிப்பது என்று தீர்மானித்தார்கள். போமன் அம்மையார் அதற்கும் மகிழ்ச்சியாக அனுமதி கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அரங்கத்தில் ஊசி விழ இடமில்லை. வெர்னா பஸ்ஸில் போன பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள், பேண்டு வாத்தியம், மூன்றடுக்கு கேக். 'வெர்னா ஹால்வர்சன் பஸ் நிலையம்' என்ற பலகை ஒரு துணிக்குப் பின்னால் காத்திருந்தது. தன் கார் பள்ளி வாசலில் நின்றுபோய்விட்டது, வந்து கூட்டிப் போ என்று லூசில் தொலைபேசியில் அழாத குறையாக நடித்து வெர்னாவை வரவழைத்திருந்தாள்.

வென்டல் வாசலில் காத்துக்கொண்டு நின்றான். சட்டைப்பையில் ராஜினாமாக் கடிதம். வெர்னா உள்ளே கால் வைப்பதற்குள் உண்மையைச் சொல்லிவிடுவது, பிறகு ஊரைவிட்டே ஓடிவிடுவது. திட்டம் அவ்வளவுதான்.

கார் வந்து நின்றது. வெர்னா இறங்கினார். காக்கிச் சட்டை தவிர வேறெதிலும் அவரை அவன் பார்த்ததே இல்லை. வானநீலப் பட்டு கவுன், சுருட்டிவிட்ட தலைமுடி, காதோரம் வெள்ளைப் பூ. மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டு ஆர்வில் இறங்கினார். ஏழு பள்ளிகளின் பியானோக்களுக்கும் சுருதி சேர்க்கிற, வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசுகிற மனிதர். அவரும் கோட்டும் கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி முடிந்த 'போ' டையுமாக இருந்தார்.

"எங்கடா லூசிலு? காரு எங்க?"

"வெர்னா, உள்ள போகாதீங்க! எல்லாம் என் தப்பு. 17-ஐ நான் 71-ன்னு..."

நாற்பது ஹாரன்களும் ஒரே நேரத்தில் அலறின. கதவுகள் விரியத் திறந்தன. பேண்டு வாத்தியம் முழங்கியது. அறுநூறு தொண்டைகள் "வெர்னா!" என்று கூரை அதிரக் கத்தின. வென்டல் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான்.

திறந்து பார்த்தபோது வெர்னா இரண்டு கன்னங்களிலும் கையை வைத்துக்கொண்டு குழந்தைமாதிரி அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் நின்றார். பிறகு சட்டென்று திரும்பி ஆர்வில் தோளில் ஒரு அடி வைத்தார். "ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு எத்தனை தடவை சொன்னேன்? யார்கிட்ட உளறி வெச்சீங்க?"

ஆர்வில் கேக்கைப் பார்த்தார், பேண்டு வாத்தியத்தைப் பார்த்தார், நாற்பது பஸ்களைப் பார்த்தார்.

"சத்தியமா நான் யார்கிட்டயும் சொல்லல வெர்னா! பதினோரு மணிக்குத்தான் நாம மோதிரமே மாத்திக்கிட்டோம், நாலு மணிக்குள்ள நம்ம கல்யாண விருந்துக்கு ஊரையே கூட்டிட்டாங்களே!"