வசன போலீஸும் புது வெர்ஷனும்

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்கள் சபைக்குப் பிரசங்கம் செய்ய வந்த போதகர்கள் பயந்தது கர்த்தருக்கு அல்ல, ஜன்னலோர பெஞ்சில் உட்கார்ந்திருந்த வசன போலீஸுக்குத்தான். அவருடைய சொந்தப் பெயர் கூரியர்காரருக்கு மட்டுமே தெரியும். பிரசங்கியார் ஒரு வசனத்தை இடம் மாற்றிச் சொன்னால் போதும், எழுந்து நிற்பார். "ஐயா, அது ஏசாயா இல்ல, எரேமியா" என்பார். திருத்திச் சொல்லும்வரை உட்கார மாட்டார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

இந்த அதிகாரமெல்லாம் அவர் வீட்டு ஹாலில் இருந்த கிழட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து வந்தது. நான் அப்போது அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். கம்ப்யூட்டரில் ஒரு வேத ஆராய்ச்சி சாஃப்ட்வேர் இருந்தது. ஒரு சொல்லைத் தேடச் சொன்னால், அது கண்டுபிடிப்பதற்குள் அவர் காப்பி போட்டுக் குடித்தே விடுவார். வசனங்களுக்குக் கீழே தன் குறிப்புகளைத் தட்டி வைத்திருந்தார். விளக்கம் என்று சொல்ல முடியாது, பெரும்பாலும் சண்டை. யோபுவின் சிநேகிதர்களோடு, பவுலோடு, மனைவி இறந்த வருஷத்தில் கடவுளோடேயே.

வைட்ஃபீல்டில் வேலை பார்த்த மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பும் அந்த சாஃப்ட்வேரின் புது வெர்ஷனும் கொண்டுவந்தான். அப்பா ஆராதனை முடிந்து திரும்புவதற்குள் பழைய கம்ப்யூட்டரைப் பழைய சாமான்காரரிடம் கொடுத்தும்விட்டான்.

புதியதை அவர் வெறுத்திருந்தால் தேவலை. அதில் எழுத்து பெரிதாகத் தெரிந்தது. கிரேக்கச் சொல்லைத் தொட்டால் அர்த்தம் வந்து நின்றது. பிடித்துத்தான் இருந்தது. ஆனால் தினமும் காலையில் அவரை உற்சாகப்படுத்த அதுவே ஒரு வசனம் அனுப்பியது. "வசனத்த நான் தேடிப் போவேன்பா. அது எதுக்கு பால்காரன் மாதிரி என்னைத் தேடி வருது?" என்று என்னிடம் எரிந்து விழுந்தார்.

அப்புறம்தான் தன் குறிப்புகளைத் தேடினார். ஒன்றுகூட இல்லை. மகனுக்குப் போன் போட்டார். வசனமெல்லாம் சரியாக இருக்கிறதா என்று மகன் கேட்டான்.

"வசனம் எல்லாம் பத்திரமா இருக்கு. நான்தான் காணோம்."

மகனுக்குப் புரியவில்லை. ரீஸ்டார்ட் செய்து பார்க்கச் சொன்னான்.

நானும் அவரும் பழைய சாமான் கடைக்கு ஓடினோம். கடைக்காரர் கன்னடத்தில் வருத்தப்பட்டார். எல்லாவற்றையும் உடைத்து எடைக்குப் போட்டாகிவிட்டதாம்.

அதற்குப் பிறகு சபையில் அவர் எழுந்திருக்கவில்லை. ஒரு போதகர் நோவாவுக்குப் பதிலாக மோசேயைப் பேழைக்குள் ஏற்றிவிட்டார். சபையே ஜன்னலோர பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது. அவர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் நல்ல மனமாற்றம் வந்திருப்பதாகக் கமிட்டி ஸ்தோத்திரம் சொன்னது.

ஒருநாள் என்னைக் கீழே கூப்பிட்டார். குறிப்புகளை முதலிலிருந்து எழுத ஆரம்பித்திருப்பதாகச் சொல்லி லேப்டாப்பில் ஆதியாகமத்தைத் திறந்து காட்டினார். முதல் வசனத்துக்குக் கீழே, பெரிய எழுத்தில்: "இங்கே எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. என்னவென்று மறந்துவிட்டது."

அதற்கு மேல் அவர் எழுதவில்லை. மகன் அவரை வைட்ஃபீல்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

நான் வேதப் புத்தகத்தை அதிகம் திறக்கிறவன் இல்லை. ஆனால் என்னுடையதில் அந்த முதல் வசனத்தின் ஓரத்தில், அவருடைய அந்த இரண்டு வரியையும் அப்படியே பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன்.