ஒரே ஒரு பிளக் பாயின்ட்

ஒன்றே ஒன்று. அதற்கு மேல் இந்த வண்டிவீட்டில் ஒரு பிளக் பாயின்ட்டையும் தொட மாட்டேன். அரிசோனா பாலைவனத்தில், கள்ளிச்செடிகளைச் சாட்சி வைத்து நான் செய்த சபதம் இது.

எங்கள் வண்டிவீடு ஓட்டினால் வண்டி, நிறுத்தினால் வீடு, மழை பெய்தால் சல்லடை. வயது கிட்டத்தட்ட நாற்பது. குளிர்காலம் வந்தால் ஐயோவாவின் பனியைப் பிறருக்கு விட்டுவிட்டு, எங்களைப் போன்ற ஓய்வுபெற்ற ஜோடிகளோடு இங்கே வந்து முகாம் போடுவோம். வழியெல்லாம் குலுங்கிக் குலுங்கி, சுவரில் உள்ள பிளக் பாயின்ட் எல்லாம் கிழவன் பல் மாதிரி ஆடத் தொடங்கிவிட்டன.

என் மனைவி ஓப்பலுக்கு இரண்டு வருடமாக இதே பாட்டு.

"மெர்ல், காபி மிஷின் பிளக்கு மறுபடியும் கழண்டு விழுந்துருச்சு."

"டேப் ஒட்டு கண்ணு."

"ஒட்டுன டேப்பே கருகிப்போச்சு. சுவத்தப் பாரு, தீஞ்ச ரொட்டி மாதிரி இருக்கு. இது பூரா பலகை. பத்திக்கிச்சுன்னா நாம ரெண்டு பேரும் பார்பிக்யூதான். பயத்துல தூக்கமே வரல எனக்கு. எல்லாத்தையும் மாத்து."

"ஓடுறதுல கை வைக்கக் கூடாது. அது என் கொள்கை."

"உன் கொள்கை எப்பவும் சாய்வு நாற்காலியிலயேதான உக்காந்திருக்கு!"

ஆனால் அந்தச் சாய்வு நாற்காலிக்குப் பக்கத்து பாயின்ட்டே ஒருநாள் உயிரை விட்டது. போன் சார்ஜ் ஏறவில்லை. ஃபுட்பால் மேட்ச் பாதியில் அணைந்தது. இது வேறு விஷயம். இது அவசரம். போன் வயரை நேராகச் செருகும் ஓட்டையோடு புது பாயின்ட் ஒன்று வாங்கி வந்தேன். அப்போதுதான் அந்தச் சபதம்.

முகாமின் கரண்ட் கம்பத்திலிருந்து வண்டிக்கு மின்சாரம் வரும் கேபிளைப் பிடுங்கினேன். பழையதைக் கழற்றினால், பின்னால் பெட்டியே இல்லை. வயரைக் கவ்விப் பிடிக்க இரண்டு பல், அவ்வளவுதான். புதியதற்குப் பெட்டி வேண்டும், பெட்டிக்குப் பெரிய ஓட்டை வேண்டும், சுவரோ பிஸ்கட் கனம். ரம்பத்தை விட்டேன். அது சுவரைத் தாண்டி, மறுபக்கத்து அலமாரியில் ஓப்பல் சர்ச்சுக்குப் போட்டுப் போகும் செருப்பையும் நலம் விசாரித்துவிட்டு வந்தது.

கேபிளைச் செருகினேன். வேலை செய்தது! மின்சாரத்துக்கே மாமனார் ஆன பெருமை எனக்கு.

"அவ்வளவுதான். சபதம் நிறைவேறிடுச்சு. இனி எதையும் தொட மாட்டேன்."

ஓட்டை விழுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டே ஓப்பல் சிரித்தாள். "ரொம்ப அழகா செஞ்சிருக்க ராசா." குளியலறைக்குள் போனாள். வந்தாள். "ஐயையோ, அடுப்படி பாயின்ட்டு செத்துப்போச்சே!"

டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். பிணம்.

"நீ கை வச்சதுனாலயா?" என்று கேட்டாள், மெதுவாக.

சுருக்கென்றது. "என் கை பட்டு எதுவும் சாகாது! நகரு!"

அதையும் மாற்றினேன். இந்த முறை ஓட்டை அளவாக விழுந்தது, செருப்புகள் தப்பின. கேபிளைச் செருகப் போகும்போது அவளுக்குக் குளியலறை அவசரம். அவள் வெளியே வரவும் கரண்ட் வரவும் சரியாக இருந்தது.

"என் மெர்ல் கைராசிக்காரன்!" என்றாள். கன்னத்தில் முத்தம் வேறு.

மறுநாள் சாப்பாட்டு மேசைப் பக்கம் செத்தது. உயிர் கொடுத்தேன். அடுத்து கட்டில் பக்கம். கொடுத்தேன். பாவம், ஓப்பலுக்கு அந்த வாரம் வயிறு சரியில்லை போலிருக்கிறது, அடிக்கடி குளியலறைக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். நான் கவலையோடு விசாரித்தேன். "வயசாகுதுல்ல" என்றாள்.

கடைசியில் வாசல் பக்கத்து பாயின்ட். அதற்குள் என் புகழ் பரவி, முகாமே மடக்கு நாற்காலிகளோடு வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து கூடிச் சாப்பிடும் நாளும் அதுதான். திருகாணியை இறுக்கி, கேபிளைச் செருகி, ஓப்பலின் பீன்ஸ் குழம்பு இருந்த கரண்ட் சட்டியை அந்த பாயின்ட்டில் மாட்டினேன். சட்டி தளதளவென்று கொதித்தது. கைதட்டல்! சோள ரொட்டியோடு என்னை மொய்த்துக்கொண்டார்கள். எழுபது வயதில் எனக்கு இப்படியொரு வெற்றி கிடைக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

ஓப்பல் உள்ளே போய்க் காபி போட்டாள். பிளக் சுவரை விடவில்லை. கையை வைத்துப் பார்த்தாள், சூடு இல்லை. அவள் முகத்தில் இரண்டு வருடத்துப் பயம் இறங்கியதை ஜன்னல் வழியே பார்த்தேன். எனக்கே கண் கலங்கியது.

அப்போதுதான் பக்கத்து வண்டிவீட்டு டுவெய்ன் வாயைத் திறந்தான்.

"ஓய் மெர்ல், ஒவ்வொண்ணா செத்துச்சுன்னியே, மொதல்ல பாத்ரூம் பட்டனப் பாத்தியா?"

"என்ன பட்டன்?"

"பாத்ரூம் பாயின்ட்டுல ரெண்டு பட்டன் இருக்கும்யா, ஷாக் அடிக்காம காப்பாத்த. ஒண்ண அமுக்குனா அடுப்படி, மேசை, கட்டிலு, வாசலு எல்லாம் ஆஃப். இன்னொண்ண அமுக்குனா எல்லாம் பொழைச்சுக்கும். பழைய வண்டியில பாதிப் பேரு அது தெரியாமத்தான் சுவத்த உடைக்கிறான்."

விழுந்து விழுந்து சிரித்தேன். எங்கள் வண்டியில் அந்த பாயின்ட் ஓப்பலின் துண்டுகளுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கெல்லாம் நான் எட்டிப் பார்த்ததே இல்லை.

"பட்டனாவது கிட்டனாவது! அது ஒண்ணுதான் பாக்கி. நாளைக்கு அதையும் புடுங்கிப் புதுசு போடுறேன்!" ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கிக் காட்டினேன். மறுபடியும் கைதட்டல்.

ஓப்பல் வந்து என் கிண்ணத்தில் நிறையக் குழம்பை ஊற்றினாள். தோளில் தட்டிக் கொடுத்தாள்.

"அத மட்டும் தொடாத ராசா. அது நல்லாத்தான் வேலை செய்யுது. இந்த வாரம் பூரா நான் அமுக்கி அமுக்கிப் பாத்துட்டேன்."