நனையாத வேட்டியில் செய்த சத்தியம்

புத்தலப்பட்டு, சித்தூர் ஜில்லா
2008 பிப்ரவரி, தை மாதக் கடைசி

மகா கனம் பொருந்திய மாப்பிள்ளை தமிழரசு அவர்களுக்கு, மாமனார் வெங்கடசாமி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் மாமியார் பாப்பாத்தியும் கறவை மாடு இரண்டும் காணிப்பாக்கத்துப் பிள்ளையார் புண்ணியத்தில் சுகம். அங்கே கொரியா தேசத்தில் உங்கள் சுகத்துக்கும் மகள் கலைவாணி சுகத்துக்கும் கடிதம் போடவும். அந்த ஊர்க் குளிர் குறைந்ததா என்பதையும் தனியாக எழுதவும், பாப்பாத்தி தினமும் கேட்கிறாள்.

நிற்க. நீங்கள் அனுப்பிய பார்சல் பொங்கலுக்கு நாலு நாள் முன்பே வந்து சேர்ந்தது. போன வருஷம் நீங்களும் கலைவாணியும் இங்கே வந்து திரும்பும்போது அவள் நகரியில் வாங்கிக்கொண்டு போன வேட்டி, விமானம் ஏறிக் கொரியா போய், உங்கள் ஆராய்ச்சிச் சாலையில் நானோ பூசிக்கொண்டு, மறுபடி விமானம் ஏறி வந்திருக்கிறது. நான் இந்த வயதுக்குச் சென்னை ஏர்போர்ட் வாசல் வரைதான் போயிருக்கிறேன். என் வேட்டி என்னைவிட உலகம் பார்த்துவிட்டது. மாமனாருக்காக ராத்திரி பகல் பார்க்காமல் உங்கள் கையாலேயே பூசினீர்களாம், கலைவாணி போனில் சொன்னாள். பெற்ற பிள்ளை இருந்தால்கூட இப்படிச் செய்வானா என்பது சந்தேகம். நன்றி என்று ஒரு வார்த்தையில் முடித்தால் அது எனக்கே போதவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளவும்.

மழை, டீ, மோர் எது பட்டாலும் ஒட்டாது என்று நீங்கள் சீட்டில் எழுதியிருந்தபடியே வீட்டுக்குள் ஒரு கை மோரை ஊற்றிப் பார்த்தோம். முத்து முத்தாய் உருண்டு பாயில் விழுந்தது. வேட்டியில் ஒரு பொட்டு இல்லை. பாய்தான் இரண்டு நாள் நாறியது. இவ்வளவு உயர்ந்த பொருளைச் சும்மா கட்டக்கூடாது, நல்ல காரியத்துக்குத்தான் கட்ட வேண்டும் என்று பெட்டியில் வைத்தோம். அந்த நல்ல காரியம் வந்ததும், அதில் நடந்ததும்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

என் பெரியப்பா மகன் கிருஷ்ணப்பாவை உங்களுக்குத் தெரியும், கல்யாணத்தில் பந்திக்குப் பந்தி பாயசம் கேட்டவன். அவன் நிலமும் என் நிலமும் ஒட்டி இருக்கிறது. நடுவில் ஒரு எல்லைக்கல். முப்பது வருஷமாய் அந்தக் கல்லைக் கேட்பாரில்லை. திருப்பதி ரோடு அகலமாகப் போகிறது, ரோட்டோர நிலத்துக்கு நல்ல விலை வரும் என்று டீக்கடையில் யாரோ பேசினார்களாம், அன்றைக்கே கிருஷ்ணப்பா டேப்பு எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டான். அளந்து பார்த்துவிட்டு, கல் மூன்று அடி அவன் பக்கம் தள்ளியிருக்கிறது, தள்ளியவன் வெங்கடசாமிதான் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

மாப்பிள்ளை, என் நைனா கூலிக்கு ஏர் ஓட்டியே அறுபது வயது வரைக்கும் காலம் தள்ளியவர். அதற்கப்புறம்தான் சர்க்கார் பட்டா கொடுத்தது. அந்தக் கல்லை நட்ட அன்றைக்கு அவர் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அப்படிப்பட்ட கல்லை நான் நகர்த்துவேனா? மூன்று அடி மண் போனால் போகட்டும். திருடன் என்கிற பேரோடு நான் நைனா படத்துக்கு எப்படி விளக்கேற்றுவது?

சர்வேயர் இன்றைக்கு வருகிறேன் நாளைக்கு வருகிறேன் என்று நாலு மாதம் ஓட்டினார். கடைசியில் முன்னாள் பஞ்சாயத்து சர்ப்பஞ்சு நாகபூஷணம்தான் தீர்ப்புச் சொன்னார். "ஒகே மாட்ட, வெங்கடசாமி. காணிப்பாக்கம் போலாம். கோனேட்லோ முழுகி, தடி பட்டலோட சாமி முன்னாடி பிரமாணம் பண்ணு. அந்ததோ அய்போயிந்தி, அதோட முடிஞ்சுது" என்றார். கோனேரு என்றால் கோயில் குளம், தடி பட்டல் என்றால் ஈரத்துணி என்று தெலுங்கு தெரிந்த சாந்திபுரத்து மாப்பிள்ளைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கிருஷ்ணப்பாவும், "நீ பண்ணிட்டா நான் வாயே தொறக்கமாட்டேன். கல்லு இருக்கற எடத்துலயே இருக்கட்டும். பொய்யின்னா அந்தப் பிள்ளையாரு பாத்துக்குவாரு" என்று ஒத்துக்கொண்டான். பாப்பாத்திதான் முணுமுணுத்தாள். "மூணு அடிக்குச் சத்தியம் கித்தியம்னு இன்னாத்துக்கு? குடுத்துட்டுப் போயேன்" என்றாள். பெண்களுக்கு மானத்தின் விலை தெரியாது என்று அப்போது நினைத்துக்கொண்டேன். நான் கேட்காமல் போகவே, கிளம்புகிற அன்றைக்கு அவளே பெட்டியைத் திறந்து உங்கள் வேட்டியை எடுத்துக் கொடுத்தாள். "சாமி முன்னால நிக்கப் போற, நல்லதா கட்டிக்கினு போ" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நீங்கள் கேட்கலாம், ஈரத்துணி வேண்டிய இடத்துக்கு நனையாத வேட்டியா என்று. சத்தியமாய் எனக்கு அது தோன்றவில்லை. சிந்தினால் ஒட்டாது என்றுதானே எழுதியிருந்தீர்கள்? குடைகூட மழைக்குத்தான் குடை, அதைக் குளத்தில் முக்கினால் நனையத்தான் செய்யும் என்று நினைத்துவிட்டேன். குளத்தில் இறங்கியதும் வேட்டி பூரி மாதிரி உப்பிக்கொண்டு மேலே வந்தது. இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு மூன்று முழுக்குப் போட்டேன். மனசெல்லாம் பிள்ளையார்மேல் இருந்ததால் இடுப்புக்குக் கீழே என்ன நடக்கிறது என்று பார்க்கவில்லை. நேரே போய், "இந்தக் கல்லை என் கையாலோ, எனக்குத் தெரிந்து என் வீட்டார் கையாலோ நகர்த்தவில்லை" என்று கற்பூரத்தின் முன்னால் சொல்லிவிட்டு, நெஞ்சு லேசாகி வெளியே வந்தேன்.

வெளியே வந்ததும் கிருஷ்ணப்பா என் வேட்டி முனையைப் பிடித்துப் பிழிந்தான். ஒரு சொட்டு வரவில்லை. "இன்னாபா இது? கோனேர்ல முழுவிட்டு வந்தவன் வேட்டி இஸ்திரிப் பெட்டி போட்டா மாதிரி கீது! நாகபூஷணம், பாத்துக்கினியா? பொய் சொல்ல வந்தவனத் தண்ணி கூடத் தொடல!" என்று கத்தினான். கூட்டம் கூடிவிட்டது.

"தண்ணிக்கும் சாமிக்கும் இதுல சம்பந்தமில்ல. இது நானோ" என்றேன்.

"எது, பேப்பர்ல போட்டுக்கினு இருக்கானே லட்ச ரூபா காரு, அதுவா?" என்றான்.

அப்புறம் குளத்துப் படிக்கட்டிலேயே நின்று, போன வருஷம் நீங்கள் களத்துமேட்டில் கட்டிலில் உட்கார்ந்து எனக்குச் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் அப்படியே ஒப்பித்தேன். தப்பிருந்தால் திருத்தவும். ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர், நம் தலைமுடியின் கனம் மட்டுமே எண்பதாயிரம், லட்சம் நானோமீட்டர் இருக்கும் என்றேன். "நூறு கோடிப் பங்கா? ஏ சர்வேயர் அய்யா வஸ்தாடு?" என்று, இதை அளக்க எந்தச் சர்வேயர் வருவார் என்கிற கவலையில் நாகபூஷணம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். ஒரு பொருளை அத்தனை சிறிதாக்கினால் அதன் குணமே மாறிவிடும், வெல்ல உருண்டை மெதுவாய்க் கரையும், அதையே இடித்துப் போட்டால் சட்டென்று கரையும், ஏனென்றால் தண்ணீர் படுகிற இடம் கூடிவிடுகிறது, அதே மாதிரிதான் இதுவும் என்றேன். தங்கத்தைக்கூட அப்படிப் பொடியாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டால் மஞ்சள் போய்ச் சிவப்பாய்த் தெரியும் என்றேன். "அந்தச் செவப்புத் தங்கத்த அடகு கடக்காரன் வாங்குவானா?" என்று கேட்டான் கிருஷ்ணப்பா. அதற்குப் பதிலை நீங்கள் எழுதவும்.

எப்படிச் செய்கிறார்கள் என்று யாரோ கேட்டார்கள். பெரியதை உருட்டி அரைத்துச் சிறியதாக்குவது ஒரு வழி, மிஷினில் ராகி அரைப்பது போல. அணுவணுவாய்ச் சேர்த்துக் கீழேயிருந்து கட்டிக்கொண்டு வருவது இன்னொரு வழி, கரையான் புற்றுக் கட்டுவது போல. என் வேட்டிக்கு இரண்டாவது வழி, மணலில் இருக்கிற அதே சரக்கைத்தான் மருந்துத் தண்ணீரில் துகளாய் விளையவைத்து நூலின்மேல் பூசியிருக்கிறார்கள் என்று விளக்கினேன். "ஓகோ, மண்ணப் பூசிக்கினு மண்ணுக்குச் சத்தியம் பண்ண வந்தியா?" என்றான் அந்தப் பாவி. கூட்டம் சிரித்தது. நான் விடவில்லை. சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் ஏன் நிற்பதில்லை? இலைமேல் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம், அதோடு ஒரு மெழுகு. துளி மேட்டின் உச்சியிலேயே உட்கார்ந்து உருண்டுவிடுகிறது, பள்ளத்தில் காற்றுதான் இருக்கிறது. என் வேட்டியிலும் அதே கதைதான் என்றேன்.

வெள்ளியைப் பொடியாக்கிப் புண்ணுக்குக் கட்டுகிற துணியில் வைத்தால் கிருமி சாகும், கரியைக் குழலாய்ச் சுருட்டினால் இரும்பைவிட உறுதி, அதே சமயம் சின்னதாய் இருப்பதால் உடம்பில் போகக்கூடாத இடத்துக்கும் போய்விடலாம், அதனால் பார்த்துத்தான் பழக வேண்டும் என்று நீங்கள் எச்சரித்ததையும் மறக்காமல் சொன்னேன். மூச்சு வாங்கியது. முடித்துவிட்டுப் பார்த்தால் இரண்டு பேர் வேட்டி என்ன விலை என்று கேட்கிறார்கள், ஒரு அம்மா என் காலில் விழப் பார்க்கிறாள். கிருஷ்ணப்பா மட்டும் ஒரே பாட்டு: "தண்ணி தொடல, அவ்ளோதான்." இப்போது ஊரில் என் பேரே தண்ணி தொடாத வெங்கடசாமி.

நாகபூஷணம் யோசித்து ஒரு முடிவு சொன்னார். வருகிற மாசிச் சதுர்த்தியன்று சாதாரணப் பருத்தி வேட்டியில் நான் மறுபடி முழுகி மறுபடி சத்தியம் செய்ய வேண்டும். தண்ணீர் ஒட்டாதது துணியின் குணமே தவிர மனுஷனின் பாவமில்லை என்று விஞ்ஞானி கையெழுத்தோடு ஒரு காகிதமும் கொண்டுவர வேண்டும். ஆகவே மாப்பிள்ளை, நான் மேலே சொன்னதையெல்லாம் ஊர்க்காரனுக்குப் புரிகிற மாதிரி தெலுங்கில் ஒரு பக்கம் எழுதி, உங்கள் ஆராய்ச்சிச் சாலை முத்திரை பெரிதாய் விழும்படி குத்தி, உடனே அனுப்பி வைக்கவும். முத்திரை சிவப்பு மையில் இருந்தால் விசேஷம்.

உங்கள் வேட்டியைக் குறை சொல்வதாய் நினைக்க வேண்டாம். இத்தனை அமளியிலும் அதில் ஒரு சுருக்கம் விழவில்லை. கூலிக்கு ஏர் ஓட்டியவர் பேரனாய் உங்களை நினைத்துக்கொள்கிறேன். கண்ணுக்குத் தெரியாததைக் கையாளுகிற மாப்பிள்ளை எனக்குக் கிடைத்தது நான் செய்த பாக்கியம். உங்கள் இருவர் வாசலிலும் மழை பெய்யட்டும், தொட்டில் கட்டட்டும், செய்கிற வேலையில் பேர் விளங்கட்டும். பாப்பாத்தி கலைவாணிக்கு நெட்டி முறித்ததாய் எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
என்றும் நன்றி மறவாத மாமனார்,
வெங்கடசாமி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் பாப்பாத்திக்குப் படித்துக் காட்டினேன். மறு சத்தியம் விஷயத்தை அதுவரை அவளிடம் சொல்லவில்லை. பருத்தி வேட்டி என்ற இடம் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"வாணாம், நீ போவாத. கல்ல நவுத்தினது நான்தான்" என்றாள்.

நீங்கள் இருவரும் முதல் முதலாய் விமானம் ஏறிய அன்றைக்கு நான் சென்னைக்கு வந்திருந்தேன் அல்லவா, இவள் தனியே அழுதுகொண்டே கலைவாணி பேரில் ஒரு மாங்கன்று நட்டிருக்கிறாள். "கண்ணுல தண்ணி, எங்க வெக்கிறேன்னே தெரியல. ரெண்டு மாசம் கழிச்சிப் பாத்தா கல்லுக்கு அந்தாண்ட கீது. வேரு புடிச்சிட்ச்சி. கன்ன நவுத்தினா செத்துப்பூடும். கல்ல நவுத்தினா சாவுமா? நீ மண்டிக்குப் போன நாளாப் பாத்துக் கடப்பாரையால நெம்பி வெச்சிட்டேன்."

"அடிப்பாவி, அப்புறம் என்னை ஏண்டி பொய்ச் சத்தியம் பண்ண அனுப்பின?" என்று கத்தினேன்.

"அதுக்குத்தான அந்த வேட்டிய எடுத்துக் குடுத்தேன்? முந்தின நாளே தொட்டியில முக்கி முக்கிப் பாத்தேன், நனையவே இல்ல. ஈரத்துணியில சொன்னாத்தான் சத்தியம். காஞ்ச துணியில சொன்னா வெறும் பேச்சு, சாமி காதுல போட்டுக்காது. இப்போ பருத்தி கட்டிக்கினு போய் உனக்கு ஒண்ணு ஆச்சின்னா நான் இன்னா பண்ணுவேன்?" என்று அழுதாள்.

மாப்பிள்ளை, நானோவின் உபயோகத்தை நீங்கள் எத்தனையோ சொன்னீர்கள், இதைச் சொல்லவில்லை. இந்த ஒரு உபயோகத்துக்காக உங்களுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். தெலுங்குக் காகிதம் வேண்டாம், முத்திரையும் வேண்டாம். கல்லைப் பழைய இடத்தில் நட்டுவிடுகிறேன். கன்று இப்போது என் மார்பு உயரம், அது கிருஷ்ணப்பா நிலத்தில் இருக்கும். அதை மட்டும் வெட்டிவிடாதே என்று அவனிடம் கேட்கப் போகிறேன். கலைவாணிக்கு இப்போதைக்கு எதுவும் தெரிய வேண்டாம்.

நாளைக் காலையில் நானும் பாப்பாத்தியும் அவன் வீட்டுக்குப் போகிறோம். உங்கள் வேட்டியைக் கட்டவில்லை, பழைய பருத்தி வேட்டிதான். கிருஷ்ணப்பா பெண்டாட்டி வள்ளிக்குக் கோபம் அதிகம், வாசலிலேயே ஒரு குடம் தண்ணீரை என்மேல் ஊற்றினாலும் ஊற்றுவாள். ஊற்றினால் நனைய வேண்டும்.